பழைய அமெரிக்கக் காருக்கு எந்த என்ஜின்?

ஆகஸ்ட் மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை மிச்சிகனில் இருக்க வாய்த்தால், டெட்ராய்ட்டிலிருந்து பான்டியாக் ஊருக்குப் போகும் வுட்வர்ட் அவென்யூ ஓரமாக ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுங்கள். 1995இல் தொடங்கிய பழைய கார் ஊர்வலம் அது. அறுபதுகளின், எழுபதுகளின் அமெரிக்கக் கார்கள் நாள் முழுக்க வந்துகொண்டே இருக்கும். கண்ணுக்கு விருந்துதான். ஆனால் அவை சிக்னலில் நிற்கும்போது கொஞ்சம் காது கொடுத்தும் கேளுங்கள்.

ஒரு கார் ‘தடக்... தடதட... தடக்’ என்று திமிறிக்கொண்டு நிற்கும். பானட் குலுங்கும். ஓட்டுபவர் இடது காலைப் பிரேக்கில் வைத்துக்கொண்டு, என்ஜின் நின்றுவிடாமல் இருக்க வலது காலால் ஆக்சிலரேட்டரைத் தட்டிக்கொண்டே இருப்பார். கண் வெப்பமானி முள்ளின் மேலேயே இருக்கும். பக்கத்தில் இன்னொரு கார். அதுவும் வி8தான் (எட்டு சிலிண்டர்கள் வி வடிவில் அமைந்த என்ஜின்), சீராக உறுமியபடி நிற்கும். பச்சை விழுந்ததும் முதல் கார் ஒரு கணம் மூச்சுமுட்டித் தயங்கும். அந்த ஒரு கணத்தில் இரண்டாவது கார் இரண்டு கார் நீளம் முன்னே போயிருக்கும்.

முதல் காரின் குதிரைத்திறன் காகிதத்தில் அதிகமாகவே இருக்கலாம். ஆனால் அந்தத் திறன் நிமிடத்துக்கு 6000 சுற்றை ஒட்டித்தான் வெளிப்படும். சிக்னலுக்குச் சிக்னல் நிற்கிற சாலையில் அந்த 6000 வரப்போவதே இல்லை. பழைய காருக்கு என்ஜின் தேடும் புதியவர்களிடம் நான் முதலில் கேட்பதும் இதனால்தான்: உங்கள் கார் நிமிடத்துக்கு எத்தனை சுற்றில் வாழப்போகிறது? ‘எத்தனை குதிரைத்திறன் வேண்டும்’ என்ற கேள்வியை அதற்கு அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

பேச்சு காற்றில் மிதக்காமல் இருக்க ஒரு காரை எடுத்துக்கொள்வோம். 1969ஆம் ஆண்டு செவ்ரொலே ஷெவெல் மாலிபு, இரண்டு கதவு. அதில் வந்த அடிப்படை வி8 என்ஜின் 307 கன அங்குலம். 200 குதிரைத்திறன் என்று நிறுவனம் சொன்னது. பவர்கிளைட் என்ற இரண்டே கியர் கொண்ட ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். என்ஜின் தேய்ந்துவிட்டது, எண்ணெய் குடிக்கிறது, ஏற்றத்தில் திணறுகிறது. உரிமையாளர் வார இறுதியில் வீட்டாரோடு நூறு இருநூறு மைல் போய்வர ஆசைப்படுகிறார். எப்போதாவது ஒரு நாள் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கும் ஆசையும் இருக்கிறது. இவருக்கு என்ன என்ஜின் சரி?

கன அங்குலம் என்றால் என்ன

அமெரிக்கக் கார்க்காரர்கள் பேச்சில் 302, 350, 383, 440 என்று எண்களாகவே வரும். எல்லாம் என்ஜினின் கொள்ளளவு, கன அங்குலத்தில். சிலிண்டரின் விட்டம் போர். பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் தூரம் ஸ்ட்ரோக். விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, 0.7854ஆல் பெருக்கி, ஸ்ட்ரோக்கால் பெருக்கி, எட்டு சிலிண்டருக்கும் சேர்த்தால் கொள்ளளவு வந்துவிடும். செவ்ரொலே 350க்கு போர் 4.00 அங்குலம், ஸ்ட்ரோக் 3.48 அங்குலம். கணக்குப் போட்டால் 349.8 வரும். அதைத்தான் 350 என்கிறார்கள்.

இப்போது அதே 350 பிளாக்கை, அதாவது சிலிண்டர்கள் இருக்கும் வார்ப்பை, லேத் பட்டறையில் 0.030 அங்குலம் ரீபோர் செய்து, செவ்ரொலேயின் 400 கன அங்குல என்ஜினுக்கு உரிய 3.75 அங்குல ஸ்ட்ரோக் கிராங்க்கை (பிஸ்டன்களின் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டை) உள்ளே பொருத்தினால்? கொள்ளளவு 382.7. இதுதான் பெயர்பெற்ற 383 ஸ்ட்ரோக்கர். வெளியிலிருந்து பார்த்தால் 350க்கும் 383க்கும் வித்தியாசமே தெரியாது. அதே பிளாக், அதே அளவு, கிட்டத்தட்ட அதே எடை. இதே வித்தையை ஃபோர்டு 302 பிளாக்கில் 3.40 அங்குல கிராங்க் போட்டுச் செய்தால் 347 ஆகும்.

சரி, ‘ஸ்மால் பிளாக்’, ‘பிக் பிளாக்’ என்று சொல்கிறார்களே, அது என்ன? பலர் இதைக் கொள்ளளவைக் குறிக்கும் சொல் என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது என்ஜின் வார்ப்பின் குடும்பப் பெயர். செவ்ரொலே ஸ்மால் பிளாக் 1955இல் 265 கன அங்குலத்தில் வந்தது. பக்கத்து சிலிண்டர்களின் மையத்துக்கு மையம் 4.4 அங்குலம் என்ற அளவை வைத்துக்கொண்டே 283, 327, 350 என்று வளர்ந்து, 1970இல் 400 வரை போனது. 1965இல் வந்த 396 பிக் பிளாக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆக, 400 ஸ்மால் பிளாக். அதைவிடக் கொள்ளளவு குறைந்த 396 பிக் பிளாக். பிக் பிளாக் அகலமும் உயரமும் கூடியது. இரும்பு ஸ்மால் பிளாக் சுமார் 260 கிலோ என்றால், பிக் பிளாக் 300 கிலோவைத் தாண்டும். அந்தக் கூடுதல் எடை முழுதும் முன் சக்கரங்களின் மேல் உட்காரும். திருப்பங்களில் ஸ்டியரிங் பிடித்தவருக்கு அது நன்றாகவே தெரியும்.

டார்க், குதிரைத்திறன், பழைய விளம்பர எண்கள்

கிராங்க் ஷாஃப்டைத் திருப்பும் விசை டார்க். நம் மெக்கானிக்குகள் ‘புல்லிங்’ என்பார்களே, ஏறக்குறைய அதுதான். அந்த விசையை எவ்வளவு வேகமாகத் திரும்பத் திரும்பக் கொடுக்க முடிகிறது என்பது குதிரைத்திறன். டார்க்கைப் பவுண்டு-அடியில் எடுத்துக்கொண்டு, நிமிடச் சுற்றுகளால் பெருக்கி, 5252ஆல் வகுத்தால் குதிரைத்திறன்.

இந்தச் சின்னக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் விற்பனைப் பேச்சில் பாதி தெளிந்துவிடும். ஓர் என்ஜின் 2500 சுற்றில் 400 பவுண்டு-அடி கொடுக்கிறது. குதிரைத்திறன் 190தான். இன்னொன்று 6500 சுற்றில் 300 பவுண்டு-அடி கொடுக்கிறது. குதிரைத்திறன் 371. விளம்பரத்தில் இரண்டாவதுதான் பெரிய எண்ணாகத் தெரியும். ஆனால் 1600 கிலோவை நெருங்கும் மாலிபுவை நின்ற நிலையிலிருந்து கிளப்ப வேண்டிய இடத்தில் முதல் என்ஜின்தான் கைகொடுக்கும். தனியாக ஓர் உச்ச எண்ணைப் பார்க்காமல், 1500 சுற்றிலிருந்து 5500 சுற்று வரை டார்க் எப்படி ஏறி இறங்குகிறது என்ற வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நல்ல என்ஜின் கட்டுநர்கள் டைனமோமீட்டர் (என்ஜின் திறனை அளக்கும் கருவி) தாளைக் கேட்காமலேயே நீட்டுவார்கள்.

வரலாற்றிலேயே இதற்கு அருமையான ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 1967இல் செவ்ரொலே கமாரோ இசட்28 வந்தபோது அதற்கு 302 கன அங்குல என்ஜின் கொடுத்தார்கள். 4.00 அங்குல போர், 3.00 அங்குல ஸ்ட்ரோக். டிரான்ஸ்-ஆம் பந்தய விதி 305 கன அங்குலத்துக்கு மேல் அனுமதிக்கவில்லை. அந்த விதிக்காகவே பிறந்த என்ஜின் அது. குட்டை ஸ்ட்ரோக் என்பதால் சிணுங்காமல் சுற்றும். பந்தயத் தளத்தில் புலி. ஆனால் அதே கார் தெருவில் கீழ்ச் சுற்றில் சோம்பலாக இருக்கும். கிளட்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுத்தான் காரைக் கிளப்ப வேண்டும். பந்தய விதிக்குப் பொருந்தும் என்ஜின் கடைத்தெருவுக்குப் பொருந்த வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

பழைய எண்களைப் படிக்கும்போது இன்னொரு எச்சரிக்கை. 1971 வரை அமெரிக்க நிறுவனங்கள் வெளியிட்ட குதிரைத்திறன் ‘கிராஸ்’ அளவு. காற்று வடிகட்டி, காரின் சொந்த சைலன்சர், ஆல்டர்னேட்டர் போன்ற சுமைகள் இல்லாமல் மேடையில் ஓட்டி எடுத்தது. 1972 முதல் எல்லாவற்றையும் மாட்டி அளக்கும் ‘நெட்’ அளவு வந்தது. கார்வெட்டில் வந்த 350 எல்டி-1 என்ஜினைப் பாருங்கள்: 1970இல் 370, 1971இல் 330, 1972இல் 255. முதல் இறக்கம் உண்மையானது. ஈயம் குறைந்த பெட்ரோலுக்காகக் காம்ப்ரஷன் விகிதத்தை (சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்பதை) 11லிருந்து 9க்குக் குறைத்தார்கள். இரண்டாவது இறக்கம் பெரும்பாலும் அளக்கும் முறை மாறியதால் வந்தது. நம் மாலிபுவின் 200ம் கிராஸ் அளவுதான். அதனால் இன்று நெட் கணக்கில் 300 கொடுக்கும் என்ஜினைப் பழைய ‘300 குதிரை’ காரோடு ஒப்பிட வேண்டாம். புதியது எவ்வளவோ பலசாலி.

கேம் ஷாஃப்ட்: இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள்

என்ஜினின் குணத்தைத் தீர்மானிப்பது கேம் ஷாஃப்ட். வால்வு எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு உயர வேண்டும், எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதை அதன் மேடுகள்தான் சொல்கின்றன. வால்வு திறந்திருக்கும் நேரத்தை டிகிரியில் சொல்வார்கள். ‘ட்யூரேஷன்’ என்று பெயர். கேமின் மேட்டில் ஏறி வால்வைத் திறக்க வைக்கும் டேப்பெட் 0.050 அங்குலம் உயர்ந்த இடத்திலிருந்து அளப்பது வழக்கம். இந்த 0.050 அளவைத்தான் ஒப்பிட வேண்டும். விளம்பரத்தில் போடும் வேறு டிகிரிகள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

ட்யூரேஷன் கூடினால் மேல் சுற்றில் சிலிண்டருக்குள் காற்று நிறைய அவகாசம் கிடைக்கும், குதிரைத்திறன் கூடும். அதற்கு விலை உண்டு. உள்வால்வும் வெளிவால்வும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் காலமும் கூடிவிடுவதால், மெதுவாகச் சுற்றும்போது எரிந்த புகை உள்ளே வரும் புதிய கலவையோடு கலந்துவிடும். அதுதான் அந்தத் ‘தடக் தடக்’. கேட்க இனிமை, மறுக்கவில்லை. ஆனால் கூடவே இன்டேக்கில் வெற்றிடம் குறையும். பவர் பிரேக் பூஸ்டர் வேலை செய்வது அந்த வெற்றிடத்தை நம்பித்தான்.

இதை ஒரு நண்பரின் காரில் நேரில் பார்த்திருக்கிறேன். 350 என்ஜினுக்கு 240 டிகிரியைத் தாண்டிய கேம் போட்டிருந்தார். சத்தம் அமர்க்களம். என்னை ஓட்டச் சொன்னார். தெரு முனையில் நிறுத்தக் காலை வைத்தேன். பிரேக் பெடல் கருங்கல் மாதிரி நின்றது. இரண்டு காலாலும் மிதித்துத்தான் கார் நின்றது. வெற்றிடமானியை மாட்டிப் பார்த்தால் 8 அங்குலம் (பாதரச அளவில்) காட்டியது. நல்ல உடல்நிலையில் இருக்கும் சாதாரண என்ஜின் 17, 18 காட்டும். அந்தக் குளிர்காலத்திலேயே கேமை மாற்றினார். 224 டிகிரிக்கு வந்த பிறகு கார் வேகமாகவே ஆனது. அவர் ஓட்டும் சுற்றுகளில் இப்போது சிலிண்டர் ஒழுங்காக நிறைந்தது, அவ்வளவுதான்.

350க்கு 210 முதல் 220 டிகிரி வரை சாந்தம். 220 முதல் 230 வரை லேசான உறுமல், பிரேக்குக்குச் சிக்கல் இல்லை. அதற்கு மேல் போகப் போக கியர்பாக்ஸையும் பின் ஆக்சிலையும் கேமுக்கு ஏற்ப மாற்ற வேண்டிவரும். கொள்ளளவு கூடினால் அதே கேம் அடங்கிப்போகும்; 383இல் 224 டிகிரி, 350இல் இருப்பதைவிட அமைதியாக இருக்கும். 383ஐ நான் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டு அளவுக்கு இடையில் மனம் ஊசலாடினால் சிறிய கேமையே எடுங்கள்.

கேமில் பழைய ஃபிளாட் டேப்பெட், ரோலர் என்று இரு வகை. ஃபிளாட் டேப்பெட் மேட்டின் மேல் உரசியபடி போகும்; அதற்குத் துத்தநாகச் சேர்மம் கலந்த எண்ணெய் வேண்டும். இன்றைய சாதாரண கார் எண்ணெயில் அது குறைவு. எண்ணெயைத் தவறாகத் தேர்ந்தால் மேடு தேய்ந்து, துகள் பேரிங்குக்குப் போகும். ரோலரில் சிறு உருளை உருண்டு போகும், உராய்வு குறைவு. செவ்ரொலே ஸ்மால் பிளாக் கார்களுக்கு 1987இல் ஹைட்ராலிக் ரோலர் கேம் வந்தது. பிளாக் தேடும்போது அந்த ஆண்டுக்குப் பிந்திய ரோலர் பிளாக் கிடைத்தால் விடாதீர்கள்.

சிலிண்டர்களுக்கு மேல் மூடியாக, வால்வுகளைத் தாங்கி நிற்கும் சிலிண்டர் ஹெட்டைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். என்ஜின் ஒரு காற்று பம்ப். எவ்வளவு காற்று உள்ளே போகிறதோ அவ்வளவு திறன். காற்று போகும் வழி ஹெட்டில்தான் இருக்கிறது. 307இன் பழைய ஹெட்டோடு ஒப்பிட்டால், 1996இல் செவ்ரொலே டிரக்குகளில் வந்த வோர்டெக் இரும்பு ஹெட் எவ்வளவோ மேல். ஆனால் அதற்கு இன்டேக் மேனிஃபோல்டும் (கலவையை ஹெட்டுக்குக் கொண்டுபோகும் குழாய்த்தொகுதி) தனி. போல்ட் இடங்கள் பழையதோடு பொருந்தாது. அலுமினிய ஹெட் வாங்கப் பணம் இருந்தால் இன்னும் நல்லது. எடை குறையும், சூட்டையும் சீக்கிரம் கடத்தும்; காம்ப்ரஷன் விகிதத்தை 10 வரை வைத்தாலும் பங்கில் கிடைக்கும் பிரீமியம் பெட்ரோலில் நாக்கிங் (கலவை தானாகப் பற்றித் தட்டுவது) வராமல் ஓட்டலாம். இரும்பு ஹெட் என்றால் 9, 9.5 என்று அடக்கமாக இருங்கள்.

கார்புரேட்டருக்குத் தனிக் கணக்கு உண்டு. கன அங்குலத்தை உச்சச் சுற்றால் பெருக்கி 3456ஆல் வகுத்தால், நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று தேவை என்று வரும். 350 என்ஜின், 5500 சுற்று: 557. அதாவது 600 கன அடி கார்புரேட்டர் தாராளம். ஆனால் வீட்டுக்கு வீடு 750தான் வாங்கி மாட்டுகிறார்கள். அளவு மீறிய கார்புரேட்டரில் காற்று மெதுவாகப் போகும். பெட்ரோல் ஒழுங்காகப் பொடிந்து கலக்காது. கால் வைத்ததும் ஒரு தடுமாற்றம் வரும். ஹோலி, எடல்ப்ராக் என்ற இரண்டு நிறுவனங்களிலும் இந்த அளவுகள் கிடைக்கும். ஆட்டோமேட்டிக் காருக்கு, இரண்டாம் கட்டம் வெற்றிடத்தால் திறக்கும் வகையை எடுத்தால் தொல்லை குறைவு.

என்ஜினுக்குப் பின்னால் இருப்பவை

பணத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது என்ஜினுக்கு வெளியே ஒதுக்குங்கள். இதைக் கேட்டு முகம் சுளிக்காதவர் குறைவு.

பின் ஆக்சிலின் கியர் விகிதம், அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற கியர்பாக்ஸிலிருந்து வரும் தண்டு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது, என்ஜினின் வாழ்க்கையையே மாற்றிவிடும். மைல் வேகத்தை விகிதத்தால் பெருக்கி, 336ஆல் பெருக்கி, டயர் விட்டத்தால் வகுத்தால் நேர் கியரில் (1:1) என்ஜின் சுற்று வரும். 26 அங்குல டயர், 4.11 விகிதம், மணிக்கு 70 மைல்: 3718 சுற்று. நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம் இப்படிப் போனால் காதுக்குள் இரைச்சல் குடிபுகுந்துவிடும், பெட்ரோல் முள்ளும் கண்ணெதிரே இறங்கும். அதே வேகம் 3.08 விகிதத்தில் 2786தான். ஆனால் 3.08இல் நின்ற நிலையிலிருந்து கிளம்பும் துடிப்பு குறையும்.

இரண்டும் வேண்டும் என்றால் ஓவர்டிரைவ் கியர்பாக்ஸ்; அதன் கடைசி கியரில் என்ஜின் மெதுவாகச் சுற்றினாலே போதும். ஜெனரல் மோட்டார்ஸின் 700ஆர்4 ஆட்டோமேட்டிக் 1982 மாடல் கார்களில் வந்தது. நான்காவது கியர் 0.70. 3.55 ஆக்சிலோடு சேர்த்தால் 70 மைலில் 2250 சுற்றுக்குள் அடங்கும். முதல் கியர் 3.06 என்பதால் கிளம்பும்போது கார் பாயும். பவர்கிளைட்டின் இரண்டு கியரிலிருந்து இதற்கு மாறினாலே, அதே 307 என்ஜின் வேறு என்ஜின் போலத் தோன்றும். மாற்றும்போது ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் சிதறக் கூடாது. கார்புரேட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் டிவி (திராட்டில் வால்வு) கேபிள் என்ற கம்பிதான் உள்ளே எண்ணெய் அழுத்தத்தைக் கட்டுப்படுத்துகிறது. அதைச் சரியான கோணத்தில், சரியான இழுப்பில் வைக்காமல் ஓட்டினால் சில மைல்களிலேயே கிளட்ச் தட்டுகள் கருகிவிடும்.

பிரேக்கை முதலில் மாற்றுங்கள், என்ஜினை அப்புறம். முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் மாற்றுவதற்கான பாகங்கள் இந்தக் கார்களுக்குத் தாராளமாகக் கிடைக்கின்றன. ரேடியேட்டரும் அப்படியே. 307க்காக வந்த ரேடியேட்டர் 400 குதிரைத்திறன் என்ஜினின் சூட்டைத் தாங்காது.

எந்த உடம்புக்கு எது பொருந்தும்

மாலிபு விசாலமான கார். ஸ்மால் பிளாக், பிக் பிளாக் இரண்டும் உட்காரும். நிறுவனமே 396 போட்டு விற்றது. எல்லாக் காரும் இப்படி இடம் தராது. 1964 ஏப்ரலில் வந்த முதல் தலைமுறை மஸ்டாங்கின் என்ஜின் அறையில் இரு பக்கமும் ஷாக் அப்சார்பர் கோபுரங்கள் உள்ளே தள்ளிக்கொண்டு நிற்கும். 289, 302 என்ஜின்கள் நிம்மதியாக இருக்கும். 351 விண்ட்சர் அதே வம்சம் என்றாலும் பிளாக் உயரமானது. வி வடிவம் என்பதால் உயரம் கூடினால் அகலமும் கூடும். எக்ஸாஸ்ட் குழாய்க்கு இடம் தேட வேண்டும். 2011 மஸ்டாங்கில் வந்த 5 லிட்டர் கயோட்டி என்ஜினுக்கு ஒவ்வொரு பக்கமும் இரண்டு கேம்; அகலமான ஹெட். அதைப் பழைய மஸ்டாங்கில் வைக்க அந்தக் கோபுரங்களையே வெட்டி, முன் சஸ்பென்ஷனை மாற்ற வேண்டியிருக்கும். ஆசைப்படுபவர்கள் வேலைக்கு இறங்குமுன் அளவு நாடாவோடு ஒரு மாலைப் பொழுதைச் செலவிட வேண்டும்.

பான்டியாக் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: 326லிருந்து 455 வரை பான்டியாக் வி8கள் வெளி அளவில் கிட்டத்தட்ட ஒன்றே. பிக் பிளாக் கொள்ளளவை ஸ்மால் பிளாக்கின் இடத்தில் வைக்கலாம். 1964 ஜிடிஓ காரை ஆசையாகக் காப்பாற்றி வைத்திருக்கும் ஒருவர் அதில் செவ்ரொலே என்ஜின் போடுவதை என்னால் ஏற்க முடிவதில்லை. பாகம் மலிவு என்பது உண்மை. ஆனால் அந்தக் காரின் புகழே அதன் என்ஜினால் வந்தது.

இன்று அதிகம் பேசப்படுவது எல்எஸ் என்ஜின். 1997 கார்வெட்டில் எல்எஸ்1 என்ற பெயரில் வந்தது, 5.7 லிட்டர், அலுமினிய பிளாக், 345 குதிரைத்திறன், அதுவும் நெட் அளவில். 1999 முதல் டிரக்குகளில் வந்த 4.8, 5.3, 6.0 லிட்டர் என்ஜின்கள் இதே குடும்பம். பெரும்பாலும் இரும்பு பிளாக். பழுதான டிரக்குகளிலிருந்து கழற்றியவை உடைப்பு யார்டுகளில் மலிவாகக் கிடைக்கின்றன. ஹெட்டில் காற்று பாயும் விதம் பழைய ஸ்மால் பிளாக்கால் எட்ட முடியாதது. குளிரில் சாவியைத் திருப்பியதும் கிளம்பும். பெட்ரோலும் மிச்சம்.

ஆனால் யார்டு விலையைப் பார்த்து மயங்க வேண்டாம். மவுண்ட் மாற்றும் தட்டு, காரின் குறுக்குச் சட்டத்தில் இடிக்காத ஆயில் பேன், சுமார் 58 பிஎஸ்ஐ அழுத்தம் தரும் பெட்ரோல் பம்ப், அதற்கேற்ற டேங்க், ஒயரிங், கம்ப்யூட்டர், எக்ஸாஸ்ட் என்று ஒவ்வொன்றாக வரும். எல்லாம் சேர்ந்தபின் என்ஜினுக்குக் கொடுத்ததைவிடச் சுற்றுப் பாகங்களுக்குக் கொடுத்தது அதிகமாகியிருக்கும். ஒயரிங் வரைபடத்தைப் பார்த்தால் தூக்கம் வருபவர்கள் கார்புரேட்டர் என்ஜினோடு இருப்பது நல்லது. கலிஃபோர்னியாவில் 1975 மற்றும் அதற்கு முந்திய மாடல் பெட்ரோல் கார்களுக்குப் புகைச் சோதனை கிடையாது. அங்கே 1976 அல்லது அதற்குப் பிந்திய கார் என்றால் என்ஜின் மாற்றுமுன் மாநில விதியைப் படித்தே ஆக வேண்டும்.

பழைய என்ஜினைத் தூக்கிப் போடாதீர்கள்

எதையும் கழற்றுமுன் ஒரு துணியில் மண்ணெண்ணெய் நனைத்துக்கொண்டு குனியுங்கள். செவ்ரொலே பிளாக்கின் முன்புறம், வலதுபக்க ஹெட்டுக்குச் சற்று முன்னால், விரல் அகலத்துக்கு ஒரு தட்டையான மேடை இருக்கும். ஆல்டர்னேட்டர் மறைத்துக்கொண்டிருந்தால் அதைக் கழற்றுங்கள். பிசுக்கைத் துடைத்தால் எழுத்துகளும் எண்களும் தெரியும். ஒரு வரிசை எந்த ஆலையில், எந்த மாதம், எந்தத் தேதி, எந்தக் காருக்காகக் கட்டப்பட்டது என்று சொல்லும். மற்றொன்று காரின் அடையாள எண்ணின் கடைசிப் பகுதி. 1969 காரில் அது டாஷ்போர்டில் கண்ணாடி வழியே தெரியும் எண்ணோடு ஒத்துப்போனால், அந்த என்ஜின் அந்தக் காரோடு பிறந்தது. எண்களுக்குப் பின்னணியில் மெல்லிய நேர்க்கோடுகள், ஆலையின் இயந்திரம் சீவிய தடம், இன்னும் இருந்தால் யாரும் கை வைக்கவில்லை என்று பெரும்பாலும் நம்பலாம்.

307 மாலிபுவுக்கு இதனால் விலை பெரிதாகக் கூடாது. ஷெவெல்லின் வேக வகையான எஸ்எஸ் 396 என்றால் பெருமளவு கூடும். எப்படியானாலும் நான் விற்கச் சொல்ல மாட்டேன். சிலிண்டர்களுக்குள் எண்ணெய் ஊற்றி, துளைகளை அடைத்து, பிளாஸ்டிக் உறையில் மூடி, ஷெட்டின் மூலையில் வையுங்கள். பழைய பிளாக்கையே ரீபோர் செய்யக் கொடுப்பவர்கள் பட்டறையில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: பிளாக்கின் மேல்தளத்தைச் சீவும்போது அந்த மேடையைத் தொடக் கூடாது. சீவும் இயந்திரத்தை ஒரு தடவை ஓட்டினால் எண்கள் போய்விடும், திரும்ப வராது.

நம் மாலிபுவுக்கு

வார இறுதிப் பயணம், எப்போதாவது ஒரு முழு மிதி. என் தேர்வு 383. ரோலர் பிளாக், அலுமினிய ஹெட், 9.7 ஒட்டிய காம்ப்ரஷன், 220 டிகிரியை ஒட்டிய ரோலர் கேம், 650 கன அடி கார்புரேட்டர், 700ஆர்4, 3.55 ஆக்சில், முன்னால் டிஸ்க் பிரேக். 2000 சுற்றிலிருந்தே 400 பவுண்டு-அடிக்குப் பக்கத்தில் டார்க் வரும். அதற்கு மேல் அந்தக் கார் கேட்கப்போவதில்லை. 400இன் கிராங்க் வெளியிலிருந்து சமன் செய்யப்படுவது. அதனால் அதற்கு உரிய முன் பேலன்சரும் (அதிர்வை அடக்கும் வட்டு) பின் ஃபிளெக்ஸ் பிளேட்டும் (கிராங்க்கை ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸோடு இணைக்கும் தட்டு) போட வேண்டும்; 350இன் பாகத்தை மாட்டினால் கார் முழுக்க அதிரும். இதைத் தவிர்க்க உள்ளேயே சமன் செய்த கிராங்க் செட் வாங்கலாம்.

பணம் முட்டினால் கட்டிமுடித்த 350 ஒன்றை வாங்கி, மிச்சத்தைக் கியர்பாக்ஸிலும் பிரேக்கிலும் போடுங்கள். ஒயரிங்கில் கை பழகியவர் என்றால் 5.3 லிட்டர் எல்எஸ். 454 பிக் பிளாக்? பானட்டைத் திறந்ததும் அந்த மலையைப் பார்க்கும் சந்தோஷம் தனி. முன் ஸ்பிரிங், ரேடியேட்டர், பெட்ரோல் செலவு மூன்றையும் மனமார ஏற்றுக்கொள்பவர்களுக்கு அது.

எதைத் தேர்ந்தாலும் முதல் கிளப்பலுக்கு முன் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றிவிட்டு, அந்தத் துளை வழியே டிரில்லால் ஆயில் பம்பைச் சுற்றி, வால்வை அழுத்தித் திறக்கும் ராக்கர் ஒவ்வொன்றிலும் எண்ணெய் கசிகிறதா என்று பாருங்கள். கார்புரேட்டரில் பெட்ரோல் நிறைந்திருக்கட்டும். டிஸ்ட்ரிபியூட்டரைத் திரும்ப மாட்டி, தீப்பொறி டைமிங்கை முன்கூட்டியே தோராயமாகச் சரிசெய்து வையுங்கள். நெடுநேரம் வெறும் ஸ்டார்ட்டரில் சுற்ற விடக் கூடாது. ஃபிளாட் டேப்பெட் கேம் என்றால் கிளம்பிய உடனே 2000 சுற்றுக்கு ஏற்றி, 2500 வரை ஏற்றி இறக்கியபடி இருபது நிமிடம் ஓடவிட வேண்டும். மெதுவாக ஓடவிட்டால் மேட்டுக்கு எண்ணெய் தெறிக்காது. ரோலருக்கு இந்தச் சடங்கு தேவையில்லை. அப்புறம் எண்ணெயை வடித்து, ஃபில்டரை வெட்டி, உள்ளே இருக்கும் காகித மடிப்பை வெயிலில் விரித்துப் பாருங்கள். மாவு போலக் கொஞ்சம் சாம்பல் நிறம் இருந்தால் சரி. விரலில் நெருடும் மினுமினுப்பு இருந்தால் அன்று கார் ஷெட்டை விட்டு வெளியே போகக் கூடாது.